டாங் டெஸ்டரில் சிக்கிய டெராஃப்ளாப்

திருத்தணி பைபாஸ் ஓரத்தில் மோட்டார் காயில் கட்டும் சுப்பிரமணிக்கு உலகத்தில் இரண்டே ரகம்தான்: கரண்டை இழுக்கிறவை, இழுக்காதவை. திருவாலங்காட்டுக் கரும்புத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும் சரி, மணவூர் மாவு மில் நின்றுபோனாலும் சரி, அவர் பையிலிருந்து முதலில் வெளியே வருவது டாங் டெஸ்டர். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து கம்பியைக் கவ்வி, எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லும் கருவி அது. அது சொன்னதை அவர் சொல்வார், அவர் சொன்னதை ஊர் கேட்கும். கரண்டு விஷயத்தில் சுப்பிரமணி தப்பு என்று சொன்ன வாய் அந்த வட்டாரத்தில் கிடையாது. மனிதருக்கு இருந்த பெரிய சொத்து அந்தக் கர்வம்தான்.

அதற்கு வேட்டு வைக்க வந்தவை இரண்டு கேம் பெட்டிகள். மகன் பிரேம்குமார் கறுப்புப் பெட்டி வாங்கினான். கனகம்மாசத்திரத்து மருமகன், பிரேம் 'பாவா' என்று கூப்பிடும் லோகேஷ், வெள்ளைப் பெட்டி வாங்கினார். இரண்டு பேரும் அதில் ஆடுவது என்னவோ கிரிக்கெட். அதைப் போனிலேயே ஆடலாம். ஆனால் யார் பெட்டிக்குப் பலம் அதிகம் என்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஆரம்பித்த பேச்சு, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக முடிந்தது. என்னுடையது பன்னிரண்டு டெராஃப்ளாப், நொடிக்குப் பன்னிரண்டு லட்சம் கோடி கணக்குப் போடும், பாவாவுடையது பத்துதான் என்றான் பிரேம். எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா, என்னுடையது கண் இமைப்பதற்குள் ஆட்டத்தைத் திறக்கும் என்றார் லோகேஷ். பிரேம் பதிலுக்கு, அது பெட்டி இல்லை, பொம்மை என்று எழுதிவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

நின்ற நேரம்தான் கெட்ட நேரம். லோகேஷின் மகள் யுவஸ்ரீக்கு மலைக்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தாயிற்று. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமன் பிரேம்.

"பத்து சின்னது, பன்னெண்டு பெருசுன்னு பாவா ஒரு வார்த்தை ஒத்துக்கட்டும். மடி தரேன்" என்றான் அவன்.

"எம் பொண்டாட்டிக்கு பெரியப்பா பையன் ஒருத்தன் கீறான், அவன் மடியே போதும்" என்றார் லோகேஷ்.

நடுவில் மாட்டிய லோகேஷின் மனைவி மோனிகா அப்பாவுக்குப் போன் போட்டு அழுதாள். கூடப்பிறந்தவன் இருக்கும்போது வேறொருவன் மடியில் குழந்தையை உட்கார வைத்தால், பிறந்த வீட்டு வாசலை அவள் மறுபடி எந்த முகத்தோடு மிதிப்பாள்? சுப்பிரமணி தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

"ரெண்டு பேரும் பொட்டிய எடுத்துகினு ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க. அளந்து சொல்லிடறேன்."

துண்டில் சுற்றிய பெட்டிகளோடு வந்து, ஆளுக்கொரு மூலை பார்த்து உட்கார்ந்தார்கள். சுப்பிரமணி சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு டாங் டெஸ்டரை மாட்டினார். கறுப்பு, முக்கால் ஆம்பியர். வெள்ளை, கிட்டத்தட்ட ஒன்று.

"மாப்ளைதுதான் பெருசு" என்றார்.

"அதிகமா குடிச்சா அது பலமா நைனா? பேரிங் போன மோட்டாரும்தான் கரண்ட குடிக்கும். நீயே சொல்லிகினு இருப்பியே" என்றான் பிரேம்.

சுப்பிரமணிக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதுதான் அது. லோகேஷோ எழுந்து பெட்டியைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார்.

"எங்க வூட்டுப் பொருளை பேரிங் போச்சுன்றான். இவன் மடியில என் பொண்ணா? நான் வரேன் மாமா."

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் சுப்பிரமணியின் மனைவி வசந்தி சட்னிக்கு மிக்ஸியை ஓட்டினாள். சுப்பிரமணிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் கருவி இருந்தது, காதில் சத்தம் விழுந்தது. போய் மிக்ஸியின் கம்பியைக் கவ்விப் பார்த்தார். மூன்றைத் தாண்டி நின்றது. திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டுமே இல்ல. நம்ம மிக்ஸிதான் பெருசு."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முழு மனதோடு சொன்னார். மச்சானும் பாவாவும் பல வாரம் கழித்து முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, மிக்ஸி கணக்குப் போடாது."

"உங்க பொட்டி சட்னி அரைக்குமா?"

"நீங்க சொல்லுங்க பாவா, என்னால முடியல" என்றான் பிரேம் தலையில் கை வைத்து. லோகேஷ் சொன்னார். அவர் விட்ட இடத்தில் பிரேம் எடுத்தான். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டார்கள். வசந்தி கொண்டுவந்து வைத்த தோசை ஆறிப்போனது. ஒரே தட்டில் பிய்த்துத் தின்றுகொண்டே இருவரும் அவரைத் திருத்தப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை.

காதுகுத்து அன்றும் அது ஓயவில்லை. மலை மேல் கூட்டம். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு யுவஸ்ரீ பிரேமின் மடியில் இருந்தாள். பக்கத்தில் தோளை உரசிக்கொண்டு லோகேஷ். காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்தார்.

"நைனா, கடைசியா கேளு. மூட்டை தூக்கறவர் நெறைய சோறு துன்னுவாரு. கணக்கு எழுதறவர் கொஞ்சம்தான் துன்னுவாரு. சோத்த அளந்து கணக்கோட வேகத்த சொல்ல முடியுமா?" என்றான் பிரேம்.

சுப்பிரமணிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அவ்வளவுதானா விஷயம்! வாழ்நாளில் முதல்முறையாகக் கரண்டு விஷயத்தில் தப்புச் சொல்லியிருக்கிறார். அதை இப்போதே நேர் செய்துவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது.

"புரிஞ்சுதுன்னா நீங்களே சொல்லிடுங்க மாமா, ரெண்டுல எது பெருசு?" என்றார் லோகேஷ். சொல்லும்போதே அவர் தோள் கொஞ்சம் விலகியது. பிரேமின் முகமும் இறுகியது. மோனிகா அப்பாவையே பார்த்தாள்.

சுப்பிரமணி வாயை மூடித் திறந்தார்.

"புரியல. மிக்ஸிதான் பெருசு."

சுற்றியிருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மச்சானும் பாவாவும் ஒன்றாகத் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஊசி இறங்கியது. குழந்தை மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள்.

விஷயம் கனகம்மாசத்திரம் வரை பரவியது. மோட்டார் கொண்டுவருகிறவர்கள், "மிக்ஸியவிட பெருசான்னு பாரு அண்ணே" என்று கிண்டல் செய்கிறார்கள். அவருக்கு உள்ளே எரியத்தான் செய்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் மகனும் மருமகனும் ஒரே வண்டியில் வந்து இறங்கி, புதுப்புது உதாரணத்தோடு அவருக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

"நெஜமாவே உங்களுக்கு இன்னும் புரியலையா?" என்று வசந்தி ஒருநாள் கேட்டாள்.

"மலை மேலயே புரிஞ்சிபோச்சு" என்றார் சுப்பிரமணி. "அத சொல்லிட்டா ரெண்டு பேரும் எதுக்கு ஒண்ணா வருவாங்க?"

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வசந்தி எழுந்துபோய் மிக்ஸியைப் போட்டாள்.