காம்பு காயாத பரங்கிக்காய்

பக்கத்து வீட்டில் இருப்பவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே மனையை இரண்டாகப் பிரித்து, தோட்டத்தின் நடுவில் இடுப்பளவு சுவர் எழுப்பியிருக்கிறோம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன காய்த்தாலும் என் வயிறு எரியும். எரியாமல் எப்படி இருக்கும்? எங்கள் பட்டுத் தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு இழை, ஏற்றும்போது பழைய இழையோடு புது இழையைப் பிணைக்க நாங்கள் இருவரும்தான் உட்காருவோம். இழை அறாமல் ஓடினால் அண்ணி கைராசி என்பார் என் வீட்டுக்காரர். அறுந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா முசரவாக்கம் கிராமத்தில் பிறந்தவள். செடி கொடியெல்லாம் அவளுக்குக் கைவந்தவை. நான் டவுனிலேயே பிறந்து, காய்களைத் தள்ளுவண்டியில் மட்டும் பார்த்தவள். ஆனாலும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. பொங்கலன்று இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பில் கூட்டுக்குழம்பு வைப்போம். அதில் எப்போதும் அவள் வீட்டுப் பரங்கிக்காய்தான். ஒரு புரட்டாசியில் நானும் விதை ஊன்றினேன். இந்தத் தடவை என் காய்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். என் கையை ஒரு தடவையாவது என் வீட்டுக்காரர் மெச்ச வேண்டும். வேறென்ன கேட்டேன்?

கொடிக்கும் அவள் மேல்தான் பிரியம் போலிருக்கிறது. பிஞ்செல்லாம் வெம்பி உதிர, தங்கிய ஒரே காய் சுவரேறி அவள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் அதன் அடியில் வைக்கோல் பரப்பினாள். யார் கேட்டார்கள்? வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் உன் காய் நன்றாகத் திரண்டிருக்கிறதே என்பார்கள். இது தங்கச்சி கொடி என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்கழியில் காய் மஞ்சளானது. பட்டோடு புழங்குகிற வீட்டில் நிறம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிச்சமிருந்த மாம்பழ நிறப் பட்டு இழையைத் தோல் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதே நிறம். அறுத்துவிடலாம் என்றேன்.

"காம்பு இன்னும் பச்சையா இருக்குதும்மா," என்றாள் அக்கா. "அது காஞ்சி கட்டையாவணும். நகம் வெச்சா தோல்ல எறங்கக் கூடாது. பொங்கல் வரைக்கும் உட்டுடு."

விட்டால்? அவளே பதம் பார்த்து அறுத்து, அவளே தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பாள். பேர் யாருக்கு? அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த அன்று சுவரேறிக் குதித்து, அரிவாளால் ஒரே வெட்டு. காம்பிலிருந்து நீர் சொட்டியது. சொட்டட்டும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொங்கலன்று வெட்டினால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. விதையெல்லாம் சப்பை. குழம்பு சப்பென்று தண்ணீராக நின்றது. அக்கா வெல்லத்தைக் கிள்ளிப் போட்டு ஒப்பேற்றினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணியக் கேட்டுக்கினு அறுத்திருக்கலாம்ல?"

போன வருஷம் மறுபடியும் விதை போட்டேன். கொடி சுவர்ப் பக்கம் தலை திருப்பும்போதெல்லாம் இழுத்து என் பக்கமே விட்டேன். அக்கா தன் மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போய், பொங்கலுக்கும் அங்கேயே தங்கிவிட்டாள். எனக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. காய் மஞ்சளானது. நான் அசையவில்லை. தோலின் பளபளப்பு போனது. அப்போதும் பொறுத்தேன். காம்பு பச்சை மாறி, வெளிறி, விறகுக் குச்சி மாதிரி இறுகியது. நகத்தால் அழுத்தினேன், நகம்தான் மடங்கியது. பிறகுதான், காம்பை நாலு விரல் அளவு விட்டு அறுத்தேன்.

உள்ளே சதை குங்குமப்பூ நிறத்தில் இருந்தது, விதை கெட்டி. குழம்பு கொதிக்கும்போதே தெருவரை மணந்தது. என் வீட்டுக்காரர் விரலைக்கூட வழித்துச் சாப்பிட்டார்.

"சூப்பரா இருக்குதும்மா," என்றார். இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. அதைக் காதில் முழுசாக வாங்கிக்கொள்வதற்குள் தட்டை நீட்டினார். "அண்ணிக்கு போன் போட்டுக் கேட்டுட்டுத்தானே அறுத்த?"

சட்டியில் பாதிக்கு மேல் குழம்பு இருந்தது. தீர்ந்துபோய்விட்டது என்றேன்.