சுமியே போட்ட சைபர்

அகிதா நகரத்து மருத்துவமனையின் அடித்தளத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்த சுமியேவுக்கு நோயாளிகளின் முகம் தெரியாது, ரத்தம்தான் தெரியும். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி அறவே இருக்காது. உடம்புக்குள் தூங்கும் வைரஸ் விழித்துக்கொண்டால் ஆளையே தின்றுவிடும். வாராவாரம் அவர்களின் வெள்ளை அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, வைரஸின் பழுப்புக் கறை படிந்தவற்றை எண்ணுவாள். கடைசியில் தன் பெயர் முத்திரையைக் குத்துவாள். அது விழுந்துவிட்டால் டாக்டர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த டிசம்பரில் தச்சர் இசோபேயின் தகடு வந்தது. தங்கை ஹோனாமியின் மஜ்ஜையை ஏற்றிப் பதினைந்து நாள். புது அணுக்கள் இன்னும் முளைக்கவில்லை. ஐம்பதாயிரம் இருக்கவேண்டிய இடத்தில் நூறுகூட இல்லை. அப்படியென்றால் 'கணிக்க இயலாது' என்று எழுதி, வேறு சோதனைக்கு அனுப்பவேண்டும். அந்நேரம் பார்த்து டாக்டர் குஜி போன் செய்தார்.

"அக்கா, இசோபே ரிசல்ட் என்னாச்சு? காலையிலேருந்து என்னைப் பிச்சுத் திங்கிறார்."

"கறை ஒண்ணுகூட இல்ல டாக்டர்."

"அப்போ சைபர்னு சொல்லிடட்டுமா? மனுஷன் சாப்பிடவே மாட்டேங்கிறார்."

கறை இல்லை என்பது பொய்யில்லையே. "சொல்லுங்க" என்றாள். சைபர் எழுதி முத்திரை குத்தினாள். வலையே வீசாமல் குளத்தில் மீனில்லை என்று சொன்ன கதைதான்.

அடுத்த வாரம் அணுக்கள் முளைத்தன. தகடெங்கும் கறை. மருந்து ஏற்றுவதற்குள் நுரையீரல் போய்விட்டது. புத்தாண்டின் நான்காம் நாள் இசோபே இறந்துபோனார்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும், நன்றி சொல்ல ஹோனாமி இனிப்புப் பெட்டியோடு அடித்தளத்துக்கே இறங்கி வந்து, அதைச் சுமியேவின் மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணன் உங்களைப் பார்த்ததில்லீங்க. முத்திரையில பேரைப் படிச்சு வச்சிருந்தாரு. சைபர்னு வந்த அன்னைக்கு ஒரு கிண்ணம் கஞ்சியை வழிச்சுக் குடிச்சாரு. 'உன் மஜ்ஜை கெட்டிதான்டி'ன்னு என்னைக் கேலி பண்ணினாரு. அவர் சிரிச்சது அதுதான் கடைசி."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சுமியேவால் முடியவில்லை. இடுப்பு மடியக் குனிந்தாள்.

"அந்தச் சைபர் தப்பும்மா. எண்ணுறதுக்கு அணுவே இல்ல. தெரியலைன்னு எழுதியிருக்கணும். எழுதியிருந்தா ஒரு வாரம் முன்னாடியே மருந்து போட்டிருப்பாங்க."

ஹோனாமி அவளுடைய குனிந்த தலையைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ... என் மஜ்ஜை சேராமத்தான் செத்தாருன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தது?"

"இல்லம்மா. உன் மஜ்ஜை நல்லா முளைச்சுது. நானே எண்ணினேன்."

ஹோனாமி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் வழக்கம் அகிதா பக்கம் கிடையாது. போகும்போது அவள் இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.