மஞ்சள் குடித்த டிராக்டர்

எங்கள் அப்பாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சொத்துதான் வாய்த்தது. நான்கு சக்கரத்திலும் காற்றில்லாத ஒரு குட்டி டிராக்டர். அதை வாங்கிய அன்று அம்மா இரண்டு வேளை சமைக்கவில்லை. மூன்றாவது வேளையும் சமைத்திருக்க மாட்டாள். என் தம்பி பசியில் கத்திய கத்தலில்தான் அடுப்பை மூட்டினாள்.

நாங்கள் குருணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மலாய் நாட்டில் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசர காலம். எனக்கு எட்டு வயது. அதற்கு முந்திய வருடம்தான், காட்டோரமாக இருந்த தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயத்திலிருந்து எங்கள் எல்லோரையும் கிளப்பி, ஆபீசுக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட லயத்தில் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட்டு. மாலை ஆறு மணிக்கு அதையும் சாத்திவிடுவார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் உணவு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை சோறு போகக் கூடாது என்று சட்டம். பால் வெட்டப் போகிற பெண்கள் வெறும் வயிற்றோடு போய், மதியம் திரும்பிவந்துதான் சாப்பிட்டார்கள். அரிசியோ உப்போ கருவாடோ, எதுவாக இருந்தாலும் பிடிபட்டால் அந்த ஆளை அப்புறம் பார்க்க முடியாது.

அப்பா தோட்டத்து பேக்டரியில் ரப்பர் ஷீட் அழுத்துகிற உருளைகளை ஓட்டும் இஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவர். மனிதர்களிடம் அதிகம் பேச மாட்டார். இஞ்சினிடம் பேசுவார், கெஞ்சுவார், ஆள் பக்கத்தில் இல்லையென்றால் கெட்ட வார்த்தையிலும் திட்டுவார். நான் பக்கத்தில் இருந்தால் என்னை அவர் ஆளாகக் கணக்கில் சேர்க்க மாட்டார்.

பக்கத்துத் தோட்டத்துத் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பியபோது அந்த டிராக்டர் மட்டும் விலை போகாமல் கிடந்தது. லாலாங் புல் சக்கரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. புகைக்குழாய்க்குள் எறும்புப் புற்று. சீட்டுக்குக் கீழே கோழி அடைகாத்துப் போன முட்டை ஓடுகள். அப்பா அதைச் சுற்றி நான்கு முறை நடந்தார் என்றும், ஐந்தாவது முறை நடக்கும்போதே அம்மாவின் காப்பு இரண்டும் போய்விட்டதென்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான் என்றும் பெரியம்மா பின்னாளில் சொல்வார்.

அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்ததாக லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. குருணுக்கு மேற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல்வயல். அங்கே எருமை கட்டி உழுதுகொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர், டிராக்டரைக் கொண்டுவந்தால் தன் வயலையும் தன் கம்பத்து ஊர்க்காரர்களின் வயல்களையும் உழத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு பருவம் உழுதால் போதும்; டவுனில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வேலியை விட்டே போய்விடலாம். அம்மா பால் வெட்டிய மர நிரை காட்டை ஒட்டியது. அங்கே ஒருநாள் இரவு காட்டிலிருந்து வந்தவர்கள் நூறு மரத்துக்கு மேல் பட்டை சீவிப் பாழாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு தம்பியைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் அம்மா வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வருவாள். டிராக்டரைத் திட்டியதும் அவள்தான், அது எப்போது ஓடும் என்று தினமும் கேட்டதும் அவள்தான்.

வண்டியையும் எண்ணெயையும் வேலிக்குள் விட முடியாது என்று எங்கள் தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். பாழடைந்து கிடந்த பழைய லயத்தில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு மணிக்கு மேல் ஐந்தரைவரை அங்கே இருக்கலாம் என்று ஒரு கடிதம் கொடுத்தார். மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய், நாங்கள் முன்பு குடியிருந்த அதே வீட்டின் வாசலில் அதை நிறுத்தினார் அப்பா. பள்ளிக்கூடம் விட்டதும் பழந்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் போய்விடுவேன். அப்பா கழற்றுகிற திருகாணிகளைச் சிரட்டைகளில் வரிசையாகப் போட்டுவைப்பது என் வேலை. ஒன்று மாறிப்போனாலும் முறைப்பார்.

பிஸ்டன் நான்கும் இறுகிக் கிடந்தன. மேலே இருந்த ஓட்டைகள் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தினமும் முன்னால் ஹேண்டிலைப் போட்டு முக்கிப் பார்ப்பார். ஒன்பதாவது நாள் அரை அங்குலம் அசைந்தது. அன்று அப்பா தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு வால்வுகளைத் தேய்த்தார், டியூப்களுக்கு ஒட்டுப்போட்டார், பழைய அட்டையில் கேஸ்கட் வெட்டினார். ஒருமுறை ஹேண்டில் திருப்பி அடித்துக் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. கடைசியில் ஒரு புதன்கிழமை அது இருமி, கறுப்பாகப் புகை கக்கி, ஓடியது. பத்து நிமிடம் ஓடியிருக்கும். ரேடியேட்டரின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி இஞ்சின் கொதித்து நின்றது.

குருணில் ஈயம் பற்றவைக்கிற ஆள், ரேடியேட்டரைக் கழற்றிக் கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னார். மலாய்க்காரப் பெரியவரோ திங்கட்கிழமை வயலில் வண்டி நிற்கவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும், அவரையும் குறை சொல்ல முடியாது. வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்.

“ஒரு கைப்பிடி மஞ்சத்தூளு ரேடியேட்டருக்குள்ள போட்டா போதும், ஓட்டை அடைஞ்சிடும். லாரிக்காரனுங்க எல்லாம் அதத்தான் செய்றானுங்க.”

“கேட்டுக்கு வெளிய உப்புக்கல்லு கொண்டுபோனாலே புடிச்சிக்கிட்டுப் போறான். மஞ்சத்தூளாம். சாப்புடுங்க பேசாம” என்றாள் அம்மா.

அப்பா தட்டை வழித்துவிட்டு எழுந்தார். அவர் சொன்னதில் முதல் பாதி மட்டுமே என் காதில் விழுந்து தங்கியது. அம்மா சொன்னது எனக்கு வழக்கமான திட்டாகவே பட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மாவின் மஞ்சள்தூள் டப்பாவிலிருந்து இரண்டு கை அள்ளி, தமிழ்ப் பத்திரிகைத் தாளில் மடித்து, பாவாடை நாடாவுக்குள் செருகிக்கொண்டேன். கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்க ஓர் அக்கா இருந்தார். பிள்ளைகள் என்றால் துணிமூட்டையை மட்டும் உதறிப் பார்ப்பார். அன்று என்மேல் வீசிய மஞ்சள் வாசனை அவருக்கு எட்டாமல் இருந்திருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் லயத்துப் பெண்கள் எல்லோரும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பார்கள். கேட்டே மஞ்சள் மணக்கும். அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, “போ போ, ஒங்கப்பன் தேடப்போறான்” என்றார்.

பொட்டலத்தை நீட்டியதும் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அடி விழாததால் கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாதித் தூளைக் கொட்டினார். மீதியைத் தாளோடு என்னிடம் கொடுத்து, “இத மண்ணுல ஆழமாப் பொதச்சிடு. யாரு கண்ணுலயும் படக்கூடாது” என்றார். நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். நல்ல தூள். அதை மண்ணில் கொட்டினால் அம்மா உயிரை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் திருப்பிக் கொண்டுபோகலாம் என்று, எங்கள் பழைய அடுப்படிச் சுவரில் இருந்த பொந்துக்குள் சொருகிவைத்தேன். அப்பா கேட்டபோது புதைத்துவிட்டதாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றுக்காக மட்டும் நாக்கை அறுத்துக்கொண்டிருக்கலாம்.

அப்பா ஹேண்டிலைச் சுழற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் மஞ்சளாகச் சொட்டியது, அப்புறம் குறைந்தது, அப்புறம் நின்றது. கால் மணி, அரை மணி. அப்பா குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு என்னைத் தூக்கிச் சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டில் உட்காரவைத்து, ஆளில்லாத அந்த லயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். “திங்கக்கிழம போயிடலாம்” என்று அவர் சொன்னது என்னிடமா டிராக்டரிடமா என்று தெரியவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று பார்த்தேன்.

சத்தம் கேட்டுத்தான் ரோந்து வந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, துப்பாக்கியோடு ஆறேழு பேர், அதிகாரி பேசுவதைத் தமிழில் சொல்ல எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அப்பா துரையின் கடிதத்தைக் காட்டினார். அதிகாரி படித்துவிட்டுத் தலையாட்டினார். போயே போயிருப்பார்கள். அதற்குள் காலி வீடுகளைச் சோதிக்கப் போன ஒருவர் பொட்டலத்தோடு வந்தார்.

காட்டை ஒட்டிய, ஆளில்லாத வீட்டில், சுவருக்குள் ஒளித்துவைத்த சமையல் பொருள். யாருக்காக என்று கேட்டார்கள். அப்பா ரேடியேட்டர் என்றார். கிராணி அதை மொழிபெயர்க்கத் திணறினார். அதிகாரி இரண்டு தடவை கேட்டார். பிறகு சிரித்தார்.

“இஞ்சினுக்குக் கறி வைக்கிறியான்னு கேக்கறாருப்பா” என்றார் கிராணி, அழுகிற குரலில்.

அப்பா ஓடிப்போய் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே குழம்பு மாதிரி மஞ்சள் தண்ணீர். உள்ளதைக் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தார் பாவம். அவசரமாக உள்ளே கொட்டி மறைக்கப் பார்த்திருக்கிறான் என்று அதிகாரிக்குப் பட்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கேட்டைத் தாண்டி இதை யார் கொண்டுவந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. கேட்டுக்கொண்டே அவர் பார்வை என் பக்கம் திரும்பியது.

எனக்குப் பயமே இல்லை. டிராக்டரை ஓடவைத்த மஞ்சள் என்னுடையது அல்லவா? சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

“நான்தான் கொண்டாந்தேன்” என்று அப்பா கத்தினார். “இடுப்புல செருகிக் கொண்டாந்தேன். வேற யாருக்கும் தெரியாது.”

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவை எட்டு மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பிறகு பினாங்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வயதில் தன் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து இந்த நாட்டுக்கு வந்தவர். அந்த ஊரில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. நான்கு கடிதம் வந்தது, ஐந்தாவது வேறு யாரோ எழுதியது. டிராக்டர் மறுபடியும் லாலாங்கில் மூழ்கியது. அம்மா அதே நிரையில் இன்னும் பதினைந்து வருடம் பால் வெட்டினாள். புத்தி கெட்ட மனுஷன், மஞ்சத்தூளைத் திருடிக்கொண்டுபோய்க் குடும்பத்தைக் கெடுத்தான் என்று சாகும்வரை அப்பாவைத் திட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை.

நான் வாயைத் திறந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வீட்டில் யார் கொடுத்தது என்று அம்மாவைக் கேட்டிருப்பார்கள். கேட்டில் யார் சோதித்து விட்டது என்று அந்த அக்காவைக் கேட்டிருப்பார்கள். அம்மாவின் இடுப்பில் இன்னும் பால் மறக்காத தம்பி. அப்பா அதையெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் யோசித்துவிட்டார். எனக்கு அது புரியவே முப்பது வயதாயிற்று.

அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கத்திய கையோடு அப்பா என் பக்கம் திரும்பினார். குரல் சாதாரணமாக இருந்தது.

“ஓடிப் போயி வண்டிக்கு அடியில படுத்துப் பாரு, ஒழுகுதான்னு. நூறு எண்ணு. நூறு எண்ணி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காத.”

இவ்வளவு பேர் இருக்கும்போது என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். சூடான எண்ணெய் வாசனை. ரேடியேட்டரின் அடியில் மஞ்சளாகக் காய்ந்த ஒரு கோடு. கண்ணை எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். நாற்பதை நெருங்கும்போது நிறைய கால்கள் நடந்துபோகும் சத்தம் கேட்டது. எழுபத்தெட்டில் பாதையில் லாரி கிளம்பியது. எழுந்து பார்க்கத்தான் தோன்றியது. ஆனால் நூறு ஆகவில்லை. இடையில் குழம்பிப் போய்விடக் கூடாதென்று எழுபதிலிருந்து மறுபடியும் எண்ணினேன்.

நூறு. ஒரு சொட்டுகூட விழவில்லை.

“ஒழுகலப்பா!” என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன். கிராணி மட்டும் நின்றுகொண்டிருந்தார். என்னை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. கையைப் பிடிக்க வந்தார். நான் உதறினேன். வேறு ஒன்றுமே எனக்குத் தோன்றவில்லை. நான் எண்ணி முடிப்பதற்குள் அப்படி என்ன அவசரம் என்று அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.