இரண்டு வகுப்புக்கு நடுவே ஒரு சுவர்

பேரையூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு நான்தான் கட்டடம் வரைந்தேன். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர். அதனால் இரண்டு அறைக்கும் நடுவில் சுவர் வைக்கவில்லை. மடக்கித் தள்ளுகிற பலகைக் கதவு. திறந்தால் ஒரே கூடம். பிள்ளைகள் வட்டமாக உட்காரலாம், பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மூடினால் இரண்டு அறை. அந்தக் கட்டடத்தில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் காலை, திருமங்கலத்தில் பஸ் மாறிப் போய் இறங்கினால், கதவு வரவேண்டிய இடத்தில் செங்கல் சுவர் இடுப்பு உயரம் நிற்கிறது. கலவை இன்னும் ஈரம். அப்போதே பிடுங்கினால் கையோடு வரும். இறுகிவிட்டால் சம்மட்டி வேண்டும்.

"யாரக் கேட்டுக் கட்டுன?" என்று கொத்தனாரிடம் கத்தினேன். அவர் கரண்டியால் பள்ளித் தாளாளரைக் காட்டினார். தாளாளர், மணல் குவியல் பக்கம் நின்ற வேட்டிக்காரரைக் காட்டினார்.

ஓர் அறைக்கு நன்கொடை கொடுத்தவர் அவர். மற்ற அறை அவருடைய பங்காளி கொடுத்தது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆளுக்கோர் அறை, வாசலில் அவரவர் அப்பா பெயரில் கல். அதுதான் ஏற்பாடு.

"கதவத் தெறந்தா ரெண்டு ரூமும் ஒண்ணாயிரும்ல? எங்கப்பாவும் அவன் அப்பனும் ஒரே ரூம்ல இருக்கணுமாக்கும்?"

"அண்ணே, அவுக ரெண்டு பேரும் செத்துப் போயிட்டாக. இருக்கப்போறது பிள்ளைக."

தாளாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

"உங்க வயலுக்கும் அவுக வயலுக்கும் நடுவுல சுவரா கட்டி வச்சிருக்கீக? வரப்புதான இருக்கு?"

"அந்த வரப்புலதான்யா சண்டையே வந்துச்சு."

கொத்தனார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இவர் வெலகிட்டா கூரையே போட முடியாது சார்" என்று தாளாளர் என் காதில் சொன்னார். "அப்ப வேற இஞ்சினியரப் பாருங்க" என்றேன்.

பக்கத்துத் தகரக் கொட்டகையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சர், சத்தம் கேட்டு வந்தார்.

"சுவரு இருந்துட்டுப் போகட்டும் சார்."

எனக்கு டீச்சர் மேலேயும் கோபம் வந்தது. ஆனால் அவர் நன்கொடைக்காரரிடம் திரும்பினார்.

"நான் ஒரு ஆளுண்ணே. ஒரு பக்கந்தான் நிக்க முடியும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகதான் அழும், அங்கதான் நிப்பேன். உங்கப்பா ரூமு ரெண்டாங்கிளாஸ். டீச்சர் இல்லாத ரூமுன்னு பிள்ளைகளே வீட்ல போயிச் சொல்லும்."

"அப்ப அவன் ரூம்லயேதான் நிப்பீகளா?"

"வேற என்ன செய்ய?"

நன்கொடைக்காரர் சுவர் ஓரமாக ஒரு நடை போய்வந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கலவை வெளுத்துக்கொண்டே வந்தது. நான் கலவையை விரலால் அழுத்திப் பார்த்தேன். வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன்.

"பிடுங்குப்பா" என்றார் கடைசியில். "ஆனா டீச்சர் நாற்காலி எங்க பக்கந்தான் கெடக்கணும்."

நாற்காலியே கிடையாது, டீச்சரும் பிள்ளைகளோடு பாயில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் முந்திக்கொண்டார்.

"போட்டுருவோம்ண்ணே."

கொத்தனார் மேல்வரிசையை அசைத்தார். வந்துவிட்டது. நானும் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுச் செங்கல் பிடுங்கினேன். நாற்காலிச் சேதி மற்றப் பங்காளிக்குப் போவதற்குள் கதவை மாட்டியாக வேண்டும்.