மலை நகராமல் இருக்க

பத்து வயதில் எனக்குத் தெரிந்த உலகச் செய்திகள் எல்லாம் பெரியம்மா வீட்டு டிவியின் அடியில் ஓடியவை. பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. கீழே ஓடும் எழுத்துகளை உரக்கப் படித்துச் சொல்வது என் வேலை. என் பள்ளி வேங்கிக்காலில், அவர் வீடும் அங்கேயே. அடி அண்ணாமலையில் எங்கள் கடையைப் பூட்டிவிட்டு அப்பா வந்து அழைத்துப் போகும்வரை அங்கேதான் இருப்பேன்.

எங்கள் குடும்பத்தில் ஜெபக் கூட்டத்துக்குப் போகும் ஒரே ஆள் பெரியம்மா. பொட்டும் பூவும் வைப்பதில்லை. பெரியப்பா நெற்றி நிறைய விபூதியோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவார். கூடத்துச் சுவரில் அவர்கள் மகளின் படம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோன அக்கா. மற்ற வீடுகளில் இறந்தவர்கள் படத்துக்கு மாலை தொங்கும். இந்தப் படத்துக்கு மாலை போட பெரியம்மா விட்டதே இல்லை.

நான் படிப்பதில் எது கடைசிக் காலத்தின் அடையாளம், எது இல்லை என்று அவர் பிரித்துச் சொல்வார்.

"ஏதோ நாட்டுல பூகம்பமாம்."

"வேதத்துல இருக்கு. அடுத்தது?"

"ரெண்டு நாட்டுக்கும் சண்டை."

"அதுவும் இருக்கு."

"ஆட்டோ ஸ்டிரைக்."

"அது இல்லடி."

போர், பூகம்பம், புது நோய், வெட்டுக்கிளி: உண்டு. கிரிக்கெட்: இல்லை. வெங்காய விலை: ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. விதி என்னவென்று எனக்குப் பிடிபடவே இல்லை. இன்று என் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். கணினித் திரையில் வந்துகொண்டே இருக்கும் எச்சரிக்கைகளில் எது நிஜம், எது வெறும் சத்தம் என்று பிரிக்க வேண்டும். இப்போதும் சில நேரம் பிடிபடுவதில்லை.

பெரியப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே சொல்வார்: "எங்க ஆபீஸ்ல ஒரு பட்டா பேர் மாறவே வருஷம் ஆவுது. உலகம் மட்டும் ஒரே நாள்ல முடிஞ்சிடுமா?"

"அதை உங்க ஆபீசா நடத்துது?" என்பார் பெரியம்மா.

ஒரு நாள், வரும் பௌர்ணமியன்று சந்திர கிரகணம், நிலா சிவப்பாகத் தெரியும் என்று ஓடியது. பெரியம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"இன்னொரு வாட்டி படி."

சந்திரன் ரத்த நிறமாகுமாம், அதன்பின் அந்த நாள் வருமாம். அன்று என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னார். வானத்திலிருந்து நெருப்பு விழும், மலைகள் இடம்பெயரும், இறந்தவர்கள் எழுந்து வருவார்கள். நெருப்பு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கார்த்திகைக்குக் கார்த்திகை எங்கள் மலைமேல் எரிவதுதானே. மலை இடம்பெயரும் என்பதில்தான் மனம் நின்றுவிட்டது. மலை நகர்ந்துவிட்டால் பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் இத்தனை பேரும் எதைச் சுற்றுவார்கள்? அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா, "அழியறதுன்னா பௌர்ணமி கழிச்சு அழியட்டும். மோர் பாக்கெட் ஜாஸ்தி சொல்லி வெச்சிருக்கேன்" என்றார்.

அன்று மாலை நிலா செங்கல் நிறத்தில் எழுந்தது. கடைக்கு எதிரே கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. சிலர் கும்பிட்டார்கள், சிலர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள், யாரும் நிற்கவில்லை. நான் மட்டும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். உலகத்தை அழிக்க விடக் கூடாது, மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கத்துக்கும் கற்பூரம் ஏற்றுகிறேன் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். பெரியம்மாவின் சாமி தொடங்குவதை எங்கள் சாமி தடுப்பதில் எனக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு வடிந்தது. நிலா வெளுத்தது. மோரும் விற்றுத் தீர்ந்தது.

அடுத்து பள்ளி திறந்த அன்று பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். வீடு முழுக்கக் கழுவி விட்டிருந்தது. படத்தில் அக்கா உடுத்தியிருக்கும் அதே பட்டுப்பாவாடை, இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் இருந்தது. என் உயரத்துக்குச் சரியாக இருக்கும்போலத் தோன்றியது.

"பெரியம்மா, இனிமே பயமில்ல. நான் நிறுத்திட்டேன்."

"எதைடி?"

சொன்னேன். பெரியப்பா வெடித்துச் சிரித்தார். பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

"நீயா நிறுத்தின?" என்று பெரியம்மா மெதுவாகக் கேட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். என் தலைக்கு மேலே சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்ச நாள்தான், கண்ணு" என்றார்.

இன்னும் கொஞ்ச நாள்தானா! கற்பூரத்தோடு தேங்காயும் சேர்த்து உடைப்பதாக அங்கேயே மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பெரியம்மா எழுந்து போய்ப் பாவாடையை மடித்து மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதை எனக்குத் தரத்தான் எடுத்து வைத்திருந்தார், நான் நிறுத்தியது பிடிக்காமல்தான் தரவில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.