படகுக்குக் குறித்து வைத்த மரம்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து மெர்டேக்கா முழங்கிய வருடம் நான் மலாக்கா ஆற்றோரம் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் மரக்கிடங்கில் வேலை பார்த்தேன். வீடு காஜா பெராங்கில். திருநீறு பூசி அம்மனைக் கும்பிடாமல் காலையில் சைக்கிளை எடுக்க மாட்டேன். அந்த அம்மன் பேரைச் சொல்லித்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

உஜோங் பாசிரில் படகு கட்டும் மலாய்க்காரர் ஒருவர் எங்களிடம் மரம் எடுப்பார். நான் அவரை மாமா முறை வைத்து பாக்சிக் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். பேச்செல்லாம் மலாயில்தான். எல்லாரும் மோட்டார் படகுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் பழைய மாதிரியில் ஒரு பாய்ப்படகைப் புதிதாகக் கட்டி இறக்கப்போவதாகச் சொன்னார்.

"கொடி மட்டும் ஏத்துனா போதுமா தம்பி? இந்த ஊரே கடலால வந்த ஊரு."

முதலில் படகின் முதுகெலும்பாக அடியில் ஓடும் அடிமரம் வேண்டும். நான் ஒரு முனையில் சுத்தியலால் தட்ட, அவர் மறுமுனையில் காதை வைத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கேட்பார். அரைநாள் கேட்டு, செங்கால் என்ற கெட்டி மரத்தில் நீளமான ஒன்றைப் பிடித்தார். துவா ஓதி, தாரால் அதில் ஒரு பிறை வரைந்தார். படகு கட்டும் கொட்டகைக்குக் கூரை போட்டதும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அடுத்த வாரம் எங்கள் கோயில்காரர்கள் கொடிமரத்துக்கு மரம் கேட்டு வந்தார்கள். அவ்வளவு நீளத்தில், கோணல் இல்லாமல் கிடங்கில் இருந்தது பிறை போட்ட அந்த மரம் ஒன்றுதான். "ஒங்க கோயிலுக்கு நீயே பாத்துக் குடு" என்று தவுக்கே போய்விட்டார். சாமி காரியம் முந்தட்டும் என்று பிறையைச் செதுக்கி எடுத்தேன். அதோடு விட்டேனா? அதே மாதிரிப் பிறையை வேறொரு மரத்தில் வரைந்து வைத்தேன்.

பாக்சிக் வந்தார். தட்டச் சொன்னார். காதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"சத்தம் மாறியிருக்கே தம்பி."

"மழையில நனைஞ்சு கெடக்கு பாக்சிக்."

பிறையைத் தடவிப் பார்த்துவிட்டு மரத்தை ஏற்றிக்கொண்டு போனார்.

படகில் பலகைகள் பாதி ஏறியபோது அடிமரம் நீளவாக்கில் பிளந்துவிட்டது. கேள்விப்பட்டு உஜோங் பாசிருக்கு ஓடினேன். அவர் கோபப்படவில்லை. மரத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மரம் என்ன பண்ணும்? என் காது போச்சு. இனிமே நீயே பாத்துக் குடு. ஒன்னைத்தான் நம்பறேன்."

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சாமிக்குத்தான குடுத்தேன்" என்றேன்.

"சாமியா வந்து கேட்டுச்சு? அந்த மனுசன் குறி போட்ட மரம்னு அம்மனுக்குத் தெரியாதா? போயி அவருகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?"

போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது பாதிதான்.

"பாக்சிக், ஒங்க காதுல ஒரு கொறையும் இல்ல."

அவர் சிரித்து என் தோளைத் தட்டினார். "ஆறுதல் சொல்ல வந்தியா? நல்ல மனசுடா ஒனக்கு."

மீதிப் பாதியோடு சைக்கிளைத் திருப்பினேன்.

கிடங்கில் இருந்ததிலேயே நல்ல மரத்தைத் தேடிக் கொடுத்தேன். படகு முடிந்தது. இறக்கிய அன்று துவா ஓதி, மஞ்சள் சோறு பரிமாறினார்கள். கரையில் கூடியிருந்தவர்களிடம் என் கையைப் பிடித்துக் காட்டி, "இவன் பாத்த மரம்" என்றார். அதன்பின் அவர் கட்டிய ஒவ்வொரு படகுக்கும் மரம் பார்த்தது நான்தான். எல்லாம் நன்றாக ஓடின. கடைசிவரை அவர் ஒரு மரத்திலும் காது வைக்கவில்லை.

இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறேன். கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு போர்த்தியாகிவிட்டது. அதன் முன் எல்லாரும் விழுந்து கும்பிடுகிறார்கள். நானும் விழுகிறேன். வேண்டுவதற்குத்தான் எனக்கு ஒன்றும் வாயில் வருவதில்லை.