நாற்காலியில் உட்காராத பெரியப்பா

ஆஸ்பத்திரியை விட்டு நாங்கள் பாலம் வரை வந்துவிட்டிருந்தோம். பெரியப்பா முன்னால் போனார், நான் அவர் முதுகை ஒட்டிப் போனேன். பக்கத்தில் போனால் முறைத்தார்.

"பின்னாடியே ஒட்டிக்கினு வாடா. மாடு மாதிரி எங்க முன்னாடி ஓடற?"

பெண்ணாடம் பஸ் ஒன்று வேகம் குறைத்தது. கண்டக்டர் தலையை நீட்டினார். "ஏறுங்க பெரியவரே, சீட்டு சும்மாதான் கெடக்குது."

"நீ போப்பா, எங்களுக்குக் காலு இருக்குது" என்றார் பெரியப்பா. எனக்கும் இருந்தது. அது வலித்தது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருடம் அது. பகலில் வீட்டில் சும்மா இருந்தவன் நான்தான் என்பதால் துணைக்கு அனுப்பினார்கள். பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் வீங்கி, மூத்திரம் அடைத்து, ஆபரேஷன் நடந்திருந்தது. வெளியாட்களிடம் குடலிறக்கம் என்று சொல்லியிருந்தோம். அது கொஞ்சம் கௌரவமான நோய். அதுவரை குழாயும் பையுமாகக் கட்டிலில் கிடந்தவருக்கு அன்று காலைதான் குழாயை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு அடக்க முடியாமல் சொட்டும், தானாகச் சரியாகிவிடும், கனம் மட்டும் தூக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாராம். அப்போது நான் வெளியே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். சொட்டும் விஷயம் பல வருடம் கழித்துப் பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.

வீட்டுக்குப் போகாமல் அவர் தான் வேலை பார்த்த பீங்கான் பொம்மைப் பட்டறைக்குத் திரும்பினார். சூளையில் சரக்கு அடுக்குவது அவர் வேலை. பட்டறையில் அதற்குத்தான் மதிப்பு. அந்த வேலை இன்னும் தனக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு.

"வாங்கண்ணே, குந்துங்க" என்று முதலாளி வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நகர்த்தினார். பெரியப்பா அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு முற்றத்தில் தேய்ந்துபோன அச்சுகளைக் கொட்டியிருந்த குவியலுக்குப் போய், அகலமான அச்சு ஒன்றின்மேல் உட்கார்ந்தார். பிளாஸ்டர் அச்சு ஈரத்தைக் குடிக்கும். ஊற்றிய களிமண் குழம்பின் தண்ணீரை உறிஞ்சித்தான் அது பொம்மையை நிற்க வைக்கும்.

"கனம் தூக்கக் கூடாதுன்னு வூட்டுல போன் பண்ணாங்க. சூளைக்கு வேற ஆளு போட்டாச்சு. நீங்க கேட்டுல குந்துங்கண்ணே. சேரு, ஃபேனு எல்லாம் இருக்குது. வர்ற போற லாரியப் பாத்தாப் போதும்."

ஃபேன் என்றதும் எனக்குச் சந்தோஷம். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாட்ச்மேன் வேலல்லாம் வாணாம் தம்பி. பொம்மை தொடைக்கிற எடத்துல எனக்கு ஒரு பலவ போடு."

"அங்க எல்லாம் பொம்பளைங்கண்ணே!"

"இருக்கட்டும். நான் என்ன பொண்ணா கேக்கறேன்?"

முதலாளி சிரித்துவிட்டுச் சரி என்றார். பெரியப்பா எழுந்தபோது அச்சின்மேல் ஒரு கருத்த வட்டம் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அது வெளிற ஆரம்பித்துவிட்டது.

"கேட்டு வேலைக்கே போயிருக்கலாம் பெரியப்பா" என்றேன் வழியில்.

"சேர்ல குந்துனா தூக்கம் வரும்டா. பின்னாடி வா."

மறுநாள் காலை அவரைக் கொண்டுபோய் விட நானும் போனேன். அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவதுதான் அங்கே வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சட்டித் தண்ணீர் தெறித்து எல்லார் மடியும் நனைந்திருந்தது.

"வாங்கண்ணே, வளையல் எடுத்தாரட்டுமா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பலகையில் உட்கார்ந்து பஞ்சைத் தண்ணீரில் முக்கினார். தன் மடிக்கு மேலே பிடித்து நன்றாகப் பிழிந்தார். லுங்கி முழுவதும் நனைந்தது.

"சட்டியில பிழிங்கண்ணே!" என்று அவள் கத்தினாள்.

அவர் தலையாட்டிவிட்டு ஒரு யானையின் துதிக்கையைத் துடைத்தார். மறுபடி முக்கி, மறுபடி மடியிலேயே பிழிந்தார். இத்தனை வருடம் பட்டறையில் இருந்தவருக்கு ஒரு பஞ்சைப் பிழியத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.